ஸ்வெட்டருக்கு ஒரு சீட்

அக்டோபர் 6, திங்கள்

தையல் மெஷின் மேல் தூசி. துடைத்தேன். தைக்கவில்லை.

பல் டாக்டர் போன் செய்தார். "அவசரம் இல்லம்மா. ஆனா வெயில் நேரா பேஷண்ட் மூஞ்சில அடிக்குது. வாயைத் திறக்கச் சொன்னா கண்ணை மூடிக்கிறாங்க" என்றார். நான் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னார். சிரித்த மாதிரி ஏதோ சத்தம் கொடுத்துவிட்டு வைத்தேன்.

அவருடைய கிளினிக் ஜன்னல்களுக்கு நீலத் துணி. எல்லாம் தைத்து முடிந்தது. ஒன்றே ஒன்றில் மட்டும் கீழ் ஓரம் பாதி மடித்தபடி நிற்கிறது. அந்த ஓரத்தைக் கையால் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்த மதியம்தான் என் வீட்டுக்காரர் போனார். சாப்பிட்டுப் படுத்தவரை டீக்குக் கூப்பிட்டேன். பதில் இல்லை. காது கேட்காத மனுஷன், கூப்பிட்ட முதல் தடவையில் என்றைக்கு எழுந்திருக்கிறார் என்று இன்னும் கொஞ்ச நேரம் தைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்டில் வைத்த ஊசி அந்தத் துணியிலேயே நிற்கிறது.

மகள் சாயங்காலம் பேசினாள். "கடையைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடும்மா. நீ தைப்ப, சரி. சுவத்துல ஓட்டை போட்டு, ராடு மாட்டி, திரையை யாரு தொங்க விடுவா? ஏணியில நீயா ஏறப் போற?" அவள் கேட்டதில் தப்பில்லை. நான் தரையில் நிற்பவள். அவர் ஏணிமேல் நிற்பவர். எங்கள் கடை அப்படித்தான் நடந்தது.

டூர் போய்விட்டு வந்து பதில் சொல்கிறேன் என்றேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து இது. இத்தனை நாள் எல்லாவற்றையும் அவர் காதில் கத்திச் சொல்லியே பழக்கம். எங்கள் வீட்டு ரகசியம் தெருவுக்கே தெரியும். இப்போது கத்த ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அக்டோபர் 8, புதன்

பெட்டி அடுக்கினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு கொஞ்சமாகத் தேவைப்படுகிறது.

இந்த டூர் அவர் ஆசை. ஒரு வீட்டில் திரை மாட்டப் போனபோது எதிர்ச் சுவர் முழுக்க ஒரு படம். மலை, நடுவில் ஏரி. ஏணியிலிருந்து இறங்கி, டிரில்லிங் மெஷினைக் கையில் பிடித்தபடியே அதன் முன்னால் போய் நின்றுவிட்டார். "இது நிஜமா எங்கயாவது இருக்கா?" என்று அந்த வீட்டம்மாவிடம் கேட்டார். அந்தம்மா சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. நான் அவர் காதுப்பக்கம் போய்ச் சொன்னேன், இருக்காம், பஸ் போகுதாம் என்று. அடுத்த வாரமே இரண்டு சீட் போட்டுவிட்டார்.

அவர் போன பிறகு டூர் ஆபீஸிலேயே கூப்பிட்டு ஒரு சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். மகள் "அப்ப அந்த சீட்ல நான் வரேன்" என்றாள். அது அப்பா சீட் என்றேன். "அப்பா வர மாட்டாரும்மா" என்றாள்.

எனக்குத் தெரியாதா.

மலைக் குளிருக்கென்று ஒரு காப்பிக் கலர் ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தார். ஒரே ஒரு தடவை கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. வெட்டிவிடுகிறேன் என்று கத்தரியை எடுத்தால் தடுத்தார். "மலைக்குப் போய் வெட்டிக்கலாம். அதுவரைக்கும் புதுசா இருக்கட்டும்."

ஸ்வெட்டரை எடுத்து வைத்திருக்கிறேன். எதற்கு? தெரியவில்லை. எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

பஸ் கிளம்பியது. டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசையில் எங்கள் சீட். ஜன்னலோரம் அவருக்கு. ஸ்வெட்டரை அங்கே சாய்த்து உட்கார வைத்தேன். முதல் வளைவில் சரிந்து விழுந்தது. பெல்ட்டை இழுத்து அதற்கும் போட்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷன்.

கைடு ஒரு பெண். கழுத்தில் விசில். கொஞ்சம் தடித்த குரல், மைக் தேவையே இல்லை. முதலிலேயே சட்டம் சொல்லிவிட்டாள்.

"நான் தலையை எண்ண மாட்டேங்க. எண்ணி எண்ணி ஏமாந்திருக்கேன். அடுத்த பஸ் ஆளு நம்ம பஸ்ல ஏறித் தூங்கிட்டிருப்பாரு, கணக்கு சரியா வந்துரும், நம்ம ஆளு கீழ நின்னு கத்திக்கிட்டிருப்பாரு. அதனால எல்லாருக்கும் ஒரு ஜோடி. பஸ் எடுக்கறதுக்கு முன்னாடி நான் கேப்பேன், உங்க ஜோடி எங்கன்னு. கண்ணால பாத்துட்டு, வந்தாச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி, சிநேகிதிகள் — எல்லாருக்கும் ஜோடி இருந்தது. தனி ஆள் இரண்டே பேர். நான் ஒன்று. கடைசி வரிசையில் ஒரு அம்மா.

"நீங்க ரெண்டு பேரும் ஜோடி" என்றாள் கைடு.

கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு ஒரு ஜோடிதான். விசில் ஊதி மாற்றிவிட்டாள்.

அந்த அம்மா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ரிட்டையர் ஆனவளாம். என் வயசுதான் இருக்கும். ஆம்பளை வாட்ச் கட்டியிருக்கிறாள். வண்டி நின்றால் போதும், வாசலில் நின்றுகொண்டு "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க" என்கிறாள். பழக்கதோஷம். எல்லாரும் இப்போதே லிஃப்ட்டம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மதியம் அவள் முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

"ஏங்க, கடைசி சீட்ல தூக்கித் தூக்கிப் போடுது. ஒவ்வொரு வளைவுக்கும் குடல் வாய்க்கு வந்துட்டுப் போகுது. இங்க கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

"ஆள் இருக்கு" என்றேன்.

பெல்ட் போட்ட ஸ்வெட்டரைப் பார்த்தாள். "ஆளு ரொம்ப இளைச்சிருக்காரே" என்றாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை வந்துகொண்டிருந்தது. நான் மலையைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

அவர் போன விஷயத்தைக் கைடு சொல்லியிருப்பாள் போல. காலையில் டீ குடிக்கும் இடத்தில் லிஃப்ட்டம்மா பக்கத்தில் வந்து நின்று, "எனக்குத் தெரியாதுங்க. வாய் கொஞ்சம் நீளம் எனக்கு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். பேச்சை வளர்க்கவில்லை. சீட்டையும் கொடுக்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

நாள் முழுக்க ஏறினோம். மரங்கள் குட்டையாகிக்கொண்டே போய், அப்புறம் புல், அப்புறம் வெறும் பாறை. ஒரு மலைக்குப் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னும் வெளுப்பாக இன்னொன்று. கண்ணாடித் துணியை ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கவிட்ட மாதிரி. அவரிடம் சொல்ல வாய் திறந்தேன்.

பின்னாலிருந்து வாந்தி எடுக்கும் சத்தம். ஒவ்வொரு பெரிய வளைவுக்கு முன்னாலும் டிரைவர் கண்ணாடியைப் பார்த்து "லிஃப்ட்டம்மா, பை ரெடியா?" என்கிறார். "ரெடி, நீங்க ஓட்டுங்க. லிஃப்ட்ல ஏத்தி இறக்கியே வாழ்க்கை போச்சு, ஒரு தடவை தலை சுத்தினதில்ல. நேரா போறதுல ஒண்ணும் இல்ல. வளைஞ்சு போறதுதான் ஆகலை" என்று பதில் வருகிறது. பஸ்ஸே சிரிக்கிறது.

கைடு ஜோடியைக் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து வந்தாச்சு என்கிறேன். அவளைக் கேட்கும்போது அவளும் என்னைப் பார்த்து வந்தாச்சு என்கிறாள். அதோடு சரி எங்கள் பேச்சு.

அக்டோபர் 11, சனி

இன்று எழுத மாட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு, காலை

விடுதியில் எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

நேற்று அரண்மனை. மலை உச்சியில், மேகத்துக்குள். ராஜாக்கள் வெயில் காலத்தில் வந்து தங்கிய இடமாம். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள், வாளைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. இதற்குத் திரை எத்தனை மீட்டர் துணி இழுக்கும், ராடு இந்தக் கனத்தைத் தாங்குமா, சுவரில் ஓட்டை போட்டால் கல் தெறிக்குமா — இப்படியே மனசு ஓடியது. அவர் இருந்தால் சுவரைத் தட்டிப் பார்த்திருப்பார். காது கேட்காவிட்டாலும் விரலுக்குக் கேட்கும் என்பார்.

கீழ்த்தளத்தில் ஒரு கூண்டு. மரத்தில் செய்தது, உள்ளே மெத்தை வைத்த ஒரு நாற்காலி. நடக்க முடியாத ஒரு ராணியை மேல்மாடிக்குக் கயிறு கட்டி இழுத்தார்களாம். லிஃப்ட்டம்மா அதைவிட்டு நகரவில்லை. குனிந்து கப்பியைப் பார்க்கிறாள், நிமிர்ந்து கயிற்றைப் பார்க்கிறாள். "இதை இழுத்த ஆளு யாருன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கைடைக் கேட்டாள். கைடுக்குத் தெரியவில்லை.

அப்புறம் மழை. பொத்துக்கொண்டு ஊற்றியது. எல்லாரும் தலையில் கையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம். மேகம் இறங்கி வாசல் தெரியவில்லை. ரோடு அடைபடுவதற்குள் இறங்க வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். கைடு வாசல் படியில் நனைந்துகொண்டே நின்று, அவசரத்தில் ஜோடிக்கு ஒருவரை மட்டும் கேட்டாள். நான் ஸ்வெட்டரில் தெறித்த தண்ணீரை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்க ஜோடி?"

"வந்தாச்சு" என்றேன்.

நிமிரக்கூட இல்லை. கை ஸ்வெட்டர் மேல் இருந்தது. வாய் தானாகச் சொல்லிற்று.

எங்கே போனாலும் அவருக்குப் பதில் நான்தான். ஆஸ்பத்திரியில், பாங்கில், ரயிலில், கல்யாண வீட்டில். யார் என்ன கேட்டாலும் அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் சொல்வேன். சாப்பிட்டாச்சு, வந்தாச்சு, சரின்னு சொல்றாரு. இத்தனை வருஷமாக அவருக்குச் சேர்த்துப் பேசிய வாய் இது. நேற்றும் அவருக்குத்தான் சொல்லிற்று.

பஸ் கிளம்பிவிட்டது.

டிரைவர்தான் கண்டுபிடித்தார். ரொம்ப தூரம் இறங்கிய பிறகு, ஒரு பெரிய வளைவில், கண்ணாடியைப் பார்த்து "லிஃப்ட்டம்மா, பை ரெடியா?" என்றார். பதில் இல்லை. "தூங்கிட்டாங்களா?" பதில் இல்லை. கைடு எழுந்து பின்னால் போனாள். அங்கேயிருந்து என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வந்தாச்சுன்னு சொன்னீங்களேம்மா" என்றாள்.

"அவருக்குச் சொன்னேன்."

அவள் ஸ்வெட்டரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் மூடிக்கொள்ளவில்லை. "ஒரு ஆளைக்கூடப் பாத்துக்க முடியலன்னா எதுக்கு டூர் வரணும்?" "சட்டைக்கு பெல்ட் போடத் தெரியுது." கேட்டுக்கொண்டேன். என்ன பொய் சொன்னார்கள்?

அந்த ரோட்டில் பஸ்ஸைத் திருப்ப முடியாது. திரும்புவதற்கு இடம் கிடைக்கும் வரை கீழே போய், மறுபடி ஏறினோம். கைடு அரண்மனைக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். மலையில் சிக்னல் இல்லை. அந்த நேரம் முழுக்க நான் என்ன செய்தேன்? ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, ரோட்டோரம் யாராவது நடந்து வருகிறார்களா என்று பார்த்தேன். பாறை ஒவ்வொன்றும் ஆள் மாதிரியே தெரிந்தது. இந்தக் குளிரில் — என் வயசுப் பொம்பளை — கீழே பள்ளம் —

இருந்தாள். அரண்மனை வாசல் காவலாளி அவளைத் தன் சின்ன அறைக்குள் உட்கார வைத்து டீ கொடுத்திருந்தார். முழுக்க நனைந்திருந்தாள். பஸ் பின்னாலேயே ஓடினாளாம். கையைத் தட்டினாளாம்.

நான்தான் முதலில் இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் கேட்டாள். "நான் வரலைன்னு யாருமே சொல்லலையா?"

"கேட்டாங்க. வந்தாச்சுன்னு நான்தான் சொன்னேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "ஓ. அவரு வந்தாச்சு. நான் வரலை. சரிதான்."

பஸ்ஸில் ஏறினாள். உதடு நடுங்கியது. ஸ்வெட்டரின் பெல்ட்டைக் கழற்றி, எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். போட்டுக்கங்க, நனைஞ்சிருக்கீங்க என்று நீட்டினேன்.

"வேண்டாங்க. அதுல ஆள் இருக்கு" என்றாள்.

என் வார்த்தைதான். அதையே திருப்பிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வழி முழுக்க பின்னாலிருந்து அவள் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்ட மாதிரியே இருந்தது. அவ்வளவு தூரம் கேட்காது. ஆனால் கேட்டது.

இதை எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

அதே நாள், சாயங்காலம்

ஏரி.

படத்தில் இருந்தது இதுதானா, தெரியவில்லை. படத்தில் தண்ணீர் அப்படியொரு நீலம். இங்கே ஈயம் பூசின பாத்திரம் மாதிரி இருந்தது. மலை மட்டும் தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்றது.

காலால் மிதிக்கும் படகு. இரண்டு இரண்டு பேராக ஏற வேண்டும், ஜோடி ஜோடியாக. கைடு எங்களைப் பார்க்காமலே "நீங்க ரெண்டு பேரும் அந்த மஞ்சள் படகு" என்றாள். வேண்டுமென்றே செய்தாளோ என்னவோ.

ஏறினோம். அவள் கொஞ்சம் மிதித்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் மிதித்தேன். மெஷின் மிதித்த கால், வலியே தெரியவில்லை. கரையிலிருந்து ரொம்ப தூரம் வந்த பிறகுதான் பேச்சு வந்தது. நடுத் தண்ணீரில் அவள் எழுந்து போய்விட முடியாது என்ற தைரியம்.

"என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது" என்றேன். அங்கே ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். சுவரில் ஓட்டை போட்டுப் போட்டுக் காது போனது. எல்லாருக்கும் நானே பதில் சொன்னது. கேள்வி காதில் விழுந்தால் போதும், வாய் அவருக்குச் சொல்லிவிடும் என்பது. "உங்களை வேணும்னு விடலை. உங்களை நினைக்கவே இல்லை. அதுதான் தப்பு" என்றேன்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட்ல ஒரு பலகை இருக்கும்" என்றாள். "எட்டு பேர்னு போட்டிருக்கும். எட்டு பேரும் ஏறிடுவாங்க. மணி அடிக்கும், கதவு சாத்தாது. யாராவது ஒருத்தர் இறங்குங்கன்னு சொன்னா எண்ணிப் பாப்பாங்க. எட்டுதானேம்மா இருக்கோம்னு சண்டைக்கு வருவாங்க. ஒரு ஆளு, ஒரு டாக்டரு, ஒரு நர்ஸு — ஒருத்தர்கூட என்னையும் சேத்து எண்ணினது கிடையாது. ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், பட்டன் அழுத்தறேன், பேசறேன். ஆனா ஒன்பதாவது ஆளு கண்ணுக்குத் தெரியாது."

மிதிப்பதை மெதுவாக்கினேன்.

"இந்த டூர்ல கைடு ஜோடின்னு சொன்னதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நம்மளையும் ஒருத்தர் கேப்பாங்கன்னு. நேத்து பஸ்ஸு போனதுல கோபம் இல்லீங்க. சரி, வழக்கம்தானேன்னு தோணிச்சு பாருங்க, அதுதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

கொஞ்ச நேரம் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். படகு தானாக மிதந்தது. அவளாகவே கேட்டாள். "எப்படிப் போனாரு?"

சொன்னேன். டீக்குக் கூப்பிட்டதையும் சொன்னேன். மகளிடம் சொல்லாததை இவளிடம் சொன்னேன்.

பாவம் என்றோ, விதி என்றோ அவள் சொல்லவில்லை. "கூப்பிட்டீங்க இல்ல" என்றாள். "எங்க லிஃப்ட்ல பிறந்த பிள்ளையும் கீழ வரும், பொணமும் கீழ வரும். கூட வர்றவங்க மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். கூப்பிடாம விட்டவங்க மூஞ்சி வேற மாதிரி இருக்கும்."

அப்புறம் "மிதிங்க, குளிருது" என்றாள்.

அக்டோபர் 13, திங்கள்

இறங்கும் நாள். காலையில் கைடு "உங்க ஜோடி?" என்றதும் எழுந்தேன். பஸ் முழுக்க நடந்து கடைசி வரிசைக்குப் போய், அவளை நேருக்கு நேர் பார்த்து, திரும்பி வந்து, "வந்தாச்சு" என்றேன். "தொட்டுப் பாத்தீங்களா? நான் ஸ்வெட்டரா இருக்கப் போறேன்" என்று பின்னாலிருந்து குரல். டிரைவர் ஸ்டீயரிங்கில் குனிந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆகஸ்டுக்கு அப்புறம் முதல் தடவை. சிரித்ததும் பயமாக இருந்தது, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று.

கடைசி மலையில் வளைவுகள் மோசம். திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி.

பெல்ட்டைக் கழற்றினேன். ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

வந்து நின்றாள். உட்காரவில்லை. "அவரு?"

"என் மடியில இருக்கட்டும். நீங்க உக்காருங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் வாந்தி நின்றுவிட்டது, நடுக்கம் நிற்கவில்லை. கேட்க மாட்டாள் என்று தெரியும். நானே அவள் தோளில் ஸ்வெட்டரைப் போட்டேன். கையை உள்ளே விட்டுக்கொண்டாள். அவருக்கு வாங்கியது, அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது.

"கழுத்துல ஏதோ குத்துதுங்க" என்றாள்.

அட்டை. கத்தரி பெட்டிக்குள், பெட்டி பஸ்ஸின் வயிற்றுக்குள். அவள் கழுத்துப் பக்கம் குனிந்து, கடையில் செய்கிற மாதிரியே, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அட்டை கையோடு வந்துவிட்டது.

மலைக்குப் போய் வெட்டிக்கலாம் என்றார்.

வெளியே பார்த்தேன். மலை இன்னும் முடியவில்லை. இன்னும் சில வளைவுகள் இருந்தன.

அக்டோபர் 14, செவ்வாய்

வீடு. கதவைத் திறந்து "வந்தாச்சு" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று நின்று யோசித்தேன்.

ஸ்வெட்டர் அவளோடு போய்விட்டது. அவளும் கழற்றவில்லை, நானும் கேட்கவில்லை. போன் நம்பர் வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

மகள் பதில் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "எப்பம்மா?" என்றாள். அது எனக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 22, புதன்

லிஃப்ட்டம்மா வந்தாள். ஸ்வெட்டரைத் துவைத்து, தேய்த்து, கவரில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள். வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவரை "உள்ள வாங்க, நடுவுல நிக்காதீங்க" என்று கூப்பிட்டே விட்டாள். கடை மூடியிருக்கிறது என்று நான் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று.

மேஜைமேல் நீலத் துணியைத் தொட்டாள். ஊசி நிற்கிறதைப் பார்த்தாள். கேட்கவில்லை. நான்தான் படகில் சொல்லியிருந்தேனே.

"இது யாருது?"

"பல் டாக்டர். மாட்ட ஆள் இல்ல."

மூலையில் சாய்ந்திருந்த ஏணியைக் கீழிருந்து மேல் வரை பார்த்தாள். "ஏத்தறதும் இறக்கறதும்தான் என் தொழில். ஆனா நான் ஏற மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். கீழ நின்னு புடிச்சுக்கறேன்."

"அப்ப மேல?"

"அதை எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

அவள் போன பிறகு உட்கார்ந்து ஊசியை இழுத்தேன். துருப்பிடித்திருந்தது. துணியில் ஒரு சின்னப் பொட்டு விழுந்திருந்தது. ஓரம் மடித்தால் உள்ளே போய்விடும். வேறு ஊசி எடுத்து, விட்ட இடத்திலிருந்து தைத்தேன். ரொம்ப நேரம் ஆகும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன ஓரம்தான்.

அக்டோபர் 29, புதன்

கடைக்குள்ளேயே ஏணி போட்டு ஏறிப் பழகுகிறேன். மூன்றாம் படிக்குமேல் கால் மரத்துப்போகிறது. "கீழ பாக்காதீங்க" என்கிறாள் லிஃப்ட்டம்மா. அப்புறம் எங்கே பார்ப்பது? "கதவைப் பாருங்க. திறக்கப் போற மாதிரி பாத்துக்கிட்டே இருங்க. லிஃப்ட்ல பயப்படறவங்களுக்கு அதைத்தான் சொல்லுவேன்."

நவம்பர் 5, புதன்

பல் டாக்டர் கிளினிக்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பொம்பளைகள் உள்ளே போனதும் காத்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தேன். பல் வலிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வாசல் பக்கம் போனார். "உக்காருங்க சார், இது சுவத்துக்கு. உங்களுக்கு உள்ள தனியா வெச்சிருக்காங்க" என்றாள் லிஃப்ட்டம்மா. டாக்டரே சிரித்துவிட்டார்.

அவருடைய மெஷின். பிடியில் அவர் சுற்றின டேப். மூன்றாம் படி தாண்டினேன். நாலாவது. முதல் ஓட்டை கோணல். இரண்டாவது சரி. சத்தம் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, வேறு எதுவும் கேட்கவில்லை. இதற்குள்தான் அவர் இத்தனை வருஷம் நின்றிருக்கிறார். கீழே நின்ற எனக்கு இது தெரிந்ததே இல்லை.

கடைசி ஜன்னலில் ராடை மாட்டும்போது கீழே டாக்டர் ஏதோ கேட்டார். உதடு அசைந்தது. காதில் இன்னும் அந்த இரைச்சல். என்ன கேட்டார்? முடிஞ்சுதா என்றா, டீ வேண்டுமா என்றா, தெரியவில்லை. எனக்கு முன்னால் லிஃப்ட்டம்மா அவரிடம் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடியே.

மகளிடம் இதைச் சொல்ல வேண்டும். ஏணியில் நீயா என்று கேட்டாளே.

திரையை விரித்து விட்டேன். வெயில் நீலமாகிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று கீழே அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வலது பக்கம் கொஞ்சம் தூக்கணும் என்று கண்ணால் காட்டினாள்.

தூக்கினேன்.